ரீனாவா, டீனாவா?

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் மகளுக்குக் கிறிஸ்ரினா என்று பெயர் பதிந்து, ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டோம். வீட்டில் கூப்பிடுவது அதன் கடைசிப் பகுதியை மட்டும்தான். அதை மாமி 'ரீனா' என்று எழுதுகிறார். தமிழ்நாட்டு முகாமொன்றில் வளர்ந்த என் கணவர் 'டீனா' என்கிறார். கனடாவிலுள்ள மச்சாள், எண்சாத்திரம் பார்த்து, ஆங்கிலத்தில் 'ரீ' (T) எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் 'எச்' (H) சேர்க்கச் சொல்கிறார். எதை வைத்துக்கொள்வது?

வாசகி, குருநகர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியும் கணவரும் எழுதுவது ஒரே ஒலியைத்தான். சொல்லின் முதலில் வரும் ஆங்கில 'ரீ'யின் ஒலிக்கு ரகரத்தையும் 'ஆர்' ஒலிக்கு றகரத்தையும் வைப்பது யாழ்ப்பாணத்தில் நெடுநாள் வழக்கம். அதனால்தான் இங்கே ரயர், ரின்மீன், ரியூசன் என்றும், றோட்டு, றப்பர், றேடியோ என்றும் எழுதிவந்தோம். 'டொக்ரர்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்தால், டகரம் ஓர் ஒலிக்கும் நடுவிலுள்ள ரகரம் வேறோர் ஒலிக்கும் நிற்பது தெரியும். தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் டகரமே போதும். ஆகவே உங்கள் கணவர் எழுதும் 'டீனா'வை மாமி வாசித்தால், டொக்ரரின் முதலெழுத்து ஒலிதான் அவருடைய வாயில் வரும். இலக்கணத்திடம் நியாயம் கேட்டும் பயனில்லை. தொல்காப்பியமும் நன்னூலும் ட, ர, ற மூன்றையுமே சொல்லுக்கு முதலில் வர விடுவதில்லை.

எனக்குப் பிடித்தது மாமியின் எழுத்துத்தான். ஆனாலும் டீனா என்றே எழுதுங்கள் என்பேன். காரணம், இந்தப் பெயரை எழுத்தில் அதிகம் வாசிக்கப் போகிறவர்கள் மாமியின் வயதுக்காரர்கள் அல்லர். மகளோடு முன்பள்ளிக்குப் போகப் போகும் பிள்ளைகளும் அவர்களுடைய இளம் பெற்றோரும்தான். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் தமிழ் வாசித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லின் முதலில் நிற்கும் 'ரீ' என்ற தமிழெழுத்து ஆங்கில 'ஆர்' ஆகத்தான் கேட்கும். 'ரீச்சர்' என்பதை இன்றும் எல்லாரும் சரியாகத்தானே வாசிக்கிறார்கள் என்று மாமி கேட்கலாம். அது தினமும் வாயில் புழங்குகிற சொல். எழுத்துக் கூட்டாமலே கண் அதைப் பிடித்துக்கொள்ளும். முதன்முறை காணும் பெயருக்கு அந்த வசதி கிடையாது, அதிலும் ரீனா என்று வேறொரு பெயர் ஏற்கெனவே இருக்கும்போது, வாசிப்பவர் சந்தேகப்படாமலே பிழையாகக் கூப்பிட்டுவிடுவார். டீனாவைப் பிழையாக வாசிக்கும் பழைய ஆள்கூட ஒலியில் அருகில்தான் நிற்பார். ஒருமுறை காதால் கேட்டால் திருத்திக்கொள்வார்.

மச்சாள் சொல்லும் 'எச்' வேண்டாம். 'ரீ'யோடு 'எச்' சேர்ந்தால் நம்மவர்கள் தகரமாகவே வாசிப்பார்கள். பிள்ளை தீனா ஆகிவிடுவாள். எந்தப் பத்திரத்திலும் ஏறாத ஒரு வீட்டுப் பெயருக்கு எண் பார்ப்பது எதற்கென்றும் எனக்கு விளங்கவில்லை.

முழுப் பெயரை ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள். வீட்டுப் பெயரில் டகரம் வந்துவிட்டதே என்பதற்காக அதைக் கிறிஸ்டினா என்று மாற்ற அலையவேண்டாம். ஸகரமெய்யை அடுத்து நிற்கும் அந்த ரகரத்தை இங்கே எவரும் பிழையாக வாசிப்பதில்லை. அங்கே 'ரி'யைக் குறிலாகவே விட்டதும் நல்லது. நெடிலாக்கியிருந்தால் கைத்தொலைபேசியில் இரண்டு எழுத்தும் ஒட்டி 'ஸ்ரீ' ஆகி, பிள்ளையின் பெயருக்கு நடுவில் ஒரு திருவாளர் வந்து உட்கார்ந்திருப்பார்.

தண்ணீர்ப் போத்தலிலும் கொப்பியிலும் டீனா என்று எழுதுங்கள். மாமி பேத்திக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்தில் ரீனா என்று இருந்தால் அதைத் திருத்தப் போகாதீர்கள்.