கட்டுமானத் திட்டத்துக்கு இடம் தேர்வு செய்ய ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவுகளை ஆராயும்) ஆலோசகரை அமர்த்தினால் அவரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

முதலில், வேண்டாம் என்று கழித்த நிலங்களின் பட்டியலைக் கேளுங்கள். எந்தத் துண்டு எந்தக் காரணத்தால் விழுந்தது என்று தனித்தனியாக எழுதித் தரட்டும். எந்த நிலம் எவ்வளவு பொருந்தும் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த வரைபடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம், எடை போட்டு மதிப்பெண்களைக் கூட்டும் முறையில் ஒரு குறையை இன்னொரு நிறை மறைத்துவிடும். சாலை வசதிக்கு 9, மின் இணைப்புக்கு 9, வெள்ளப் பாதுகாப்புக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். எடைகள் 40, 40, 20 சதவீதம் என்றால் மொத்தம் 7.4 வருகிறது. மழைக்கு மூழ்கும் நிலம் வரைபடத்தில் பச்சையாக நிற்கும்! வெள்ளப் பகுதி, நீர்நிலை, காப்புக்காடு, உயரழுத்த மின்பாதைக்கு ஒதுக்கிய இடம் இவற்றுக்கு மதிப்பெண்ணே போடக்கூடாது. இருந்தால் அந்த நிலம் வேண்டாம், அவ்வளவுதான். மிஞ்சியதற்கு மட்டும் மதிப்பெண்.

அடுத்து, தரவு. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரில் எடுத்தது. ஒரு பிக்சல், அதாவது ஒரு படக்கட்டம், தரையில் சுமார் 30 மீட்டர். உயரத்தில் அதற்கு வைத்த துல்லிய இலக்கே 16 மீட்டர். அடர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில் தரைக்குப் பதிலாக இலைப்பரப்பை ஒட்டிய உயரம்தான் அதில் பதிவாகியிருக்கும். நூறு இடங்களைப் பத்தாகக் குறைக்க இது போதும். மண் வெட்டி நிரப்பும் கணக்குக்கு உதவாது. அதை 5 மீட்டர் பிக்சலாக மாற்றித் தந்தால் படம் வழவழப்பாகும், தகவல் கூடாது. கடைசி இரண்டு மூன்று இடங்களுக்கு லைடார் (லேசரால் உயரம் அளப்பது) அல்லது தரை சர்வே கேளுங்கள். ட்ரோன் புகைப்பட சர்வே வெட்டவெளிக்குச் சரி, புதர் மண்டிய நிலத்தில் ஏமாற்றும். தரும் உயரம் கடல்மட்டக் கணக்கா, ஜிபிஎஸ் தரும் நீள்வட்டக் கணக்கா (பூமியை நீள்வட்ட உருண்டையாக வைத்து அளப்பது) என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே பல பத்து மீட்டர் வித்தியாசம் வரும் இடங்கள் உண்டு.

1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். அதிலிருந்து எடுத்த ஓடைக்கோட்டின் இருபுறமும் 15 மீட்டர் விலக்கு வரைந்தால் அது வெறும் அலங்காரம், கோடே அதைவிட அதிகமாகத் தள்ளியிருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: உயரம் மீட்டரில், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை) டிகிரியில் இருக்க, அப்படியே சரிவைக் கணக்கிடுவது. சமவெளிகூட 90 டிகிரியை நெருங்கும் பாறைச்சுவராகத் தெரியும். யுடிஎம் போன்ற, தரையைத் தட்டையாக்கி மீட்டரில் அளக்கும் ப்ராஜெக்ஷனுக்கு மாற்றிவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

வெள்ளத்துக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளநாளில் மேகம் மூடியிருக்கும், இரண்டு நாளில் வடிந்த நீர் அதில் பதிவாகாது. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களும் சேர வேண்டும். நீரோட்டக் கணக்குக்காக உயரத் தரவில் பள்ளங்களை 'நிரப்பும்' படியில் நிஜக் குட்டைகளும் காணாமல் போகும். அதையும் விசாரியுங்கள்.

சாலைத் தூரம் நேர்கோட்டில் அளந்ததா, சாலை வழியே அளந்ததா? நடுவில் ஆறு இருந்து பாலம் இல்லையென்றால் 800 மீட்டர் 12 கிலோமீட்டராகலாம்.

எடைகளை முடிவு செய்ய வேண்டியது நீங்கள், பணம் போடுபவர் நீங்கள்தானே. ஒவ்வோர் எடையையும் 20 சதவீதம் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலிடம் அதிலேயே மாறினால் அந்த வரிசையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஜியோபேக்கேஜ் கோப்புகள் (ஜிஐஎஸ் மென்பொருளில் திறக்கும் வரைபடத் தரவு), ஒவ்வொரு லேயரும் எந்த ஆண்டுத் தரவு, எந்த ப்ராஜெக்ஷன், என்ன எடை என்ற குறிப்பு எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.