உப்புத் தண்ணீருக்கு எந்த வாஷிங் மெஷின்?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம், போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம்?
வாசகி, காட்பாடி

பதில்: ஐவருக்கு 7 அல்லது 8 கிலோ கொள்ளளவு போதும்; அந்த எடை உலர்ந்த துணிக்கு உரியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் குறைந்த நீரில் நன்றாகத் துவைக்கும் என்றாலும், அதன் ஹீட்டரில் உப்பு படிந்துவிடுமாதலால், உப்பு நீக்கும் பொடியைப் போட்டு அடிக்கடி சுத்தம் செய்யும் பொறுமை உங்களுக்கு வேண்டும். அது இல்லையெனில், ஹீட்டர் இல்லாத, மேலே திறக்கும் இயந்திரமே ஏற்றது. கோடையில் போர் வற்றிவிடும் வீடென்றால் (வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை), குடத்தால் தண்ணீர் ஊற்றியும் துவைக்கக்கூடிய செமி ஆட்டோமேட்டிக்கைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாடித் தொட்டி போதிய உயரத்தில் இல்லையென்றால் தண்ணீர் மெதுவாகவே நிரம்பும். வாங்குமுன் அதையும் பாருங்கள்.