ஏசி அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் இரண்டு வால்வுகள் எதற்கு? நாமே திருகலாமா?

புது ஏசி சரியாகக் குளிரவில்லை, வந்து பார்த்தவர் கேஸ் கம்மி என்று சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

சின்னக் காப்பர் பைப்பில் இருப்பது, குளிர்விக்கும் கேஸ் திரவமாக வீட்டுக்குள் இருக்கும் யூனிட்டுக்குப் போகும் வால்வு. பெரிய பைப்பில் இருப்பது கேஸ் திரும்பி வரும் வால்வு, கேஜ், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டர், மாட்டும் போர்ட்டும் அதில்தான் இருக்கும். புது யூனிட்டில் கேஸ் மொத்தமும் அவுட்டோருக்குள் இருக்க, இரண்டு வால்வும் மூடியபடியே வரும். பைப்பை இணைத்து, வேக்கம் போட்டு, அதாவது பைப்பில் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, அப்புறம் பித்தளை மூடியைக் கழற்றி ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியால் இரண்டையும் முழுக்கத் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

எங்கள் வீட்டில் மாட்டிய சில நாளிலேயே சின்ன பைப்பில் வெள்ளையாக உறைபனி படிந்தது. மெக்கானிக் கேஜ் மாட்டினார். எங்கள் ஏசியில் இருப்பது ஆர்32 என்கிற கேஸ், ஓடும்போது அழுத்தம் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்ட வேண்டும், முள் ரொம்பக் கீழே நின்றது. உடனே கேஸ் ஏற்றணும் என்றார். ஆனால் பனி சின்ன வால்வின் கழுத்திலிருந்தே ஆரம்பித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, முதல்ல மூடியைக் கழற்றி கீ போட்டுப் பாருங்க" என்றேன். முனகிக்கொண்டே போட்டார். கீ இடப்பக்கம் இன்னும் நன்றாகவே சுற்றியது, அதாவது வால்வை முழுக்கத் திறக்கவே இல்லை! முள் ஏறியது, கொஞ்ச நேரத்தில் பனியும் கரைந்தது, ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை.

உறைபனி என்றாலே வால்வுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். லீக் இருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஆனால் ஓடி ஓடித் தீர்ந்துபோக ஏசி கேஸ் ஒன்றும் பெட்ரோல் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் ஏற்றச் சொல்வதுதான் எனக்குக் கோபம்.

நீங்களே திருக வேண்டாம். உள்ளே அழுத்தம் அதிகம், ஆர்32 தீப்பிடிக்கக் கூடியதும்கூட, வால்வை மூடிவிட்டு ஏசியை ஓடவிட்டால் கம்ப்ரசர் போய்விடும். பக்கத்தில் நின்று, இரண்டும் முழுக்கத் திறந்திருக்கிறதா, மூடிகளைத் திரும்ப இறுக்கினாரா என்று மட்டும் பாருங்கள். கீ போட்டுத் திருகும் வால்வின் தண்டு வழியாகக் கேஸ் கசிந்தால் தடுப்பது அந்த மூடிதான். வீடு மாறும்போது பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள், அதாவது ஏசி ஓடும்போதே சின்ன வால்வை மூடி, கேஸை அவுட்டோருக்குள் இழுத்து, பெரியதையும் மூடி உடனே நிறுத்துவது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கை எட்டாத சுவரில் அவுட்டோரைத் தொங்கவிட்டு, இந்த வால்வைத் திருக ஒரு பையனை இடுப்பில் கயிறுகூட இல்லாமல் வெளியே இறக்குகிறார்கள். மாட்டும்போதே ஆள் நிற்க இடமுள்ள பக்கமாகக் கேளுங்கள், பைப் நீளத்துக்குக் கூடக் காசு ஆனாலும் பரவாயில்லை.