முப்பது பேர் சேர்ந்து பூங்காவிலும் கடற்கரையிலும் காட்டுப் பாதையிலும் நடக்க அனுமதி எடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் முப்பது பேர் கொண்ட நடைக்குழு ஒன்று வைத்திருக்கிறார். காந்தி பூங்காவில் ஒரு காலை, கல்லடிக் கடற்கரையில் ஒரு காலை, விடுமுறையில் ஒரு நாள் கல்லோயாக் காட்டுக்குள் ஒரு நடை என்பது திட்டம். எங்கே அனுமதி வேண்டும், யாரிடம் எடுப்பது என்று கேட்கிறார்.

நானும் பதினொரு வருசமாக இப்படி ஒரு கூட்டத்தோடு மாரடிக்கிறவன்தான். ஆசிரியர்கள், வங்கிக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர், சீனி வியாதிக்காரர் பாதிப்பேர்.

எங்கட வயதுக்காரருக்கு அனுமதி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். சந்தியில் நாலு பேர் நின்றால் விசாரணை வந்த காலத்தில் வளர்ந்தவர்கள். அதனாலேயே சிலர் எதையும் கேட்கப் பயந்து வீட்டோடு இருப்பார்கள், சிலர் எதையும் கேட்காமல் போய் நிற்பார்கள். நான் இரண்டாவது ரகம். முதல் வருசம் வாவிக்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் முதியோருக்கு விளையாட்டுப் போட்டி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. அறுபது கதிரை இறக்கி, கயிறு கட்டி, சுண்ணாம்பால் கோடும் போட்டாகிவிட்டது. ஏழு மணிக்கு இரண்டு வானில் பொடியன்கள் வந்து இறங்கினார்கள், மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியாம். அவர்களின் தலைவன் மரியாதையாகத்தான் பேசினான், "ஐயா, நாங்க காசு கட்டி எடுத்திருக்கம்" என்று பற்றுச்சீட்டைக் காட்டினான். என்னிடம் காட்ட இருந்தது இடியப்பப் பெட்டி மட்டும்தான். பிள்ளைகளே எங்கட கதிரைகளை மதிலோரமாகத் தூக்கி வைத்துத் தந்தார்கள். அதிலும் ஒரு வெட்கம்.

அன்றைக்குத்தான் அந்தத் துண்டுக் காகிதம் எதற்கென்று புரிந்தது. ஒரே நிலத்துக்கு ஒரே நேரம் இரண்டு பேர் வந்தால் யாருக்கு என்று சொல்ல அது வேண்டும். முப்பது பேர் பூங்காவுக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்துவிட்டுப் போனால் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூடாரம் அடித்தால், பதாகை கட்டினால், ஒலிபெருக்கி வைத்தால், வந்தவர்களிடம் காசு சேர்த்தால் கதை வேறு. மற்றவன் உட்காரும் இடத்தை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே எத்தனை பேர் என்பதற்கு முதல், நிலம் யாருடையது என்று பாருங்கள். புளியந்தீவுக்குள் காந்தி பூங்கா என்றால் மாநகர சபை. காத்தான்குடி, ஏறாவூர் என்றால் நகர சபை. கிராமப் பக்கம் பிரதேச சபை. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் தனித்தனி மாநகர சபை உண்டு. பாடசாலை மைதானம் என்றால் அதிபர், கோவில் வீதி என்றால் பரிபாலன சபை. எல்லை தெரியாவிட்டால் கிராம சேவகரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாத வேலி இல்லை.

கடிதத்தை மேயருக்கோ தெரிந்த உறுப்பினருக்கோ எழுத வேண்டாம். மாநகர சபையில் ஆணையாளருக்கு, பிரதேச சபையில் செயலாளருக்கு எழுதுங்கள். 2023 மார்ச் முதல் 2025 நடுப்பகுதி வரை தெரிவான சபைகளே இல்லாமல் கிடந்தபோதும் அந்தக் கதிரைகளில் ஆள் இருந்தது. திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், என்னென்ன கொண்டுவருகிறீர்கள், குப்பையை யார் அள்ளுவது, பொறுப்பானவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். "மறுகா (பிறகு) வாங்க தம்பி" என்று அனுப்பப்பட்ட நாட்களில் முத்திரை குத்திய பிரதிதான் என்னைக் காப்பாற்றியது, இல்லாவிட்டால் கடிதமே வரவில்லை என்பார்கள். கட்டணம் ஏதும் என்றால் சிறாப்பரிடம் (காசாளரிடம்) கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள். வேறு யார் கையிலும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

பொலிஸ் விசயம் வேறு. பதாகை பிடித்துக்கொண்டு தெருவால் நடந்தால் அது ஊர்வலம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி, தொடங்கும் இடத்துக்கு அண்மையில் உள்ள நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன்பே அறிவிக்க வேண்டும். ஆறு மணித்தியாலம் சட்டத்துக்குக் காணும், போக்குவரத்துக்கு ஒரு பொலிஸ்காரரை ஒழுங்குபடுத்தக் காணாது. நான் ஒரு கிழமை முன்பே கொடுத்துவிடுவேன், கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதென்றால் கட்டாயம். ஒலிபெருக்கிக்கு 80ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. காலை ஐந்தரைக்கு மைக்கைப் பிடித்து "அன்பார்ந்த நெஞ்சங்களே" என்கிற ஆட்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கடற்கரையில் சட்டத்தைவிட வழக்கம் பெரிது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் முந்நூறு மீற்றர் கரையோர வலயம், அதற்குள் ஏதாவது கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். நடப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எங்களுக்கு வந்த சிக்கல் கரைவலை, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை. நாவலடிப் பக்கம் ஓடிப் போனபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், எங்கட முப்பது பேரும் கயிற்றைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். வலைக்காரப் பெரியவர் ஒருவர் கத்தினார், "என்ன கா, எங்கட சோத்த மிதிச்சிப் போறீங்க?" ஒவ்வொரு கரைவலைக்கும் ஒரு பாடு, அதாவது வலை இழுக்கும் இடம், உண்டு, அது அவர்களின் வயல். இப்போது முதல் நாளே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய் எத்தனை மணிக்கு வலை வளைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் வைப்பது. அந்தப் பெரியவர் இன்றைக்கு எங்களுக்கு மீன் விற்கிறார், விலையில் குறைவில்லை.

இனிக் கல்லோயா. நேரே சொல்கிறேன், நீங்கள் நினைக்கிற நடை அங்கே நடக்காது. சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் நீரேந்து பகுதியைக் காப்பாற்ற 1954இல் உண்டாக்கிய தேசிய பூங்கா அது, 25,900 ஹெக்டேயர். தேசிய பூங்கா என்றாலே வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும், இப்படியான யானைக்காட்டில் அனுமதித்த இடம் தவிர வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. லகுகலையும் குமணையும் அப்படித்தான். எத்தனை கடிதம் எழுதினாலும் முப்பது பேரை யானைக்காட்டில் நடக்கவிட மாட்டார்கள், விடவும் கூடாது. பூங்காவுக்கு வெளியே உள்ள சரணாலயத்துக்கும் ஒதுக்குக் காட்டுக்கும் சட்டம் வேறு, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் பச்சை நிறத்தைக் கண்டதும் எல்லாம் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

ஆனால் தேசிய பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கானோர் கூட்டமாகக் கால்நடையாகப் போகும் ஒரு பாதை எங்கட கிழக்கில்தான் இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்படுபவர்கள் வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், பொத்துவில் என்று வந்து காட்டு விளிம்பில் இருக்கும் உகந்தை முருகன் கோவிலில் சேருவார்கள். அங்கிருந்து குமணை, யால காடுகள். ஆடித் திருவிழாவை ஒட்டி, மாவட்டச் செயலகங்களும் வனஜீவராசிகள் திணைக்களமும் பாதுகாப்புப் படையினரும் கூடிப் பேசித் திகதி வைத்து உகந்தையில் காட்டுப்பாதையைத் திறப்பார்கள், குறித்த நாளில் மூடுவார்கள்.

மூன்று தரம் நடந்திருக்கிறேன். வாசலில் ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள், பையைப் பார்ப்பார்கள். உள்ளே போனபின் ஆண், பெண், டொக்டர், தேங்காய் வியாபாரி எல்லாரும் "சாமி"தான். கும்புக்கன் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கும்போது முன்னால் போகிற சாமி கையை நீட்டுவார், அவர் யாரென்று தெரியாது. தனியே பிரிந்து போகக்கூடாது, இருட்டியபின் நடக்கக்கூடாது. ஒரு தரம் எங்கட கூட்டத்தில் ஒருவர் விடியுமுன் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்சத் தூரத்தில் யானை குறுக்கே நின்றதாம். திரும்பி வந்தவர் கதிர்காமம் வரை கூட்டத்தின் நடுவிலேயே நடந்தார். அந்த விதிகளை யாரோ அலுவலகத்தில் இருந்து எழுதியதாக அதற்குப் பிறகு எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. பாதை எப்போது திறக்கும் என்பது சில வருசங்களில் கடைசி நேரத்தில் மாறும். சந்நிதியிலிருந்து கிழமைக்கணக்காக நடந்து வந்த வயதான அம்மாமார் உகந்தையில் காத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுமதி கொடுப்பவரும் திகதிக்குக் கட்டுப்பட வேண்டும்.

உங்கள் குழுவுக்குக் காட்டு நடைதான் ஆசை என்றால் காட்டுப்பாதை திறக்கும் வரை பொறுத்து உகந்தைக்கு வாருங்கள். ஆனால் அது உல்லாச நடை இல்லை. விரதம், குளிப்பு, மண் தரையில் படுக்கை எல்லாவற்றுக்கும் ஆயத்தமானவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் கல்லோயாவுக்கு நடையை விட்டுவிட்டு சேனநாயக்க சமுத்திரக் கரையில் உள்ள இங்கினியாகல போய்ப் படகில் ஏறுங்கள். தீவுக்குத் தீவு யானை நீந்திப் போவதைக் காண வாய்ப்புண்டு. முப்பது பேரும் ஒரு படகில் ஏற முடியாது, எத்தனை படகு, எத்தனை உயிர்காப்பு அங்கி என்று முன்கூட்டியே பேசிவிட்டுப் பஸ்ஸைப் பிடியுங்கள்.