எண்ணெய் ஊற்றினால் பால் கொழுக்குமா?

கேள்வி: டாக்டர் அம்மா, எங்கள் பசு கன்று போட்டு ஐந்து வாரம் ஆகிறது. ஒரு நாளைக்கு 20 லிட்டர் கறக்கிறது, ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். தெம்புக்காகத் தினமும் அரை லிட்டர் சமையல் எண்ணெயை அடர்தீவனத்தில் ஊற்றி வருகிறேன். பாலில் கொழுப்பு 4.1 சதவீதத்திலிருந்து 3.2-க்கு இறங்கிவிட்டது. கொழுப்பைக் கொடுத்தால் கொழுப்பு குறையுமா?

பதில்: குறையும். இன்று மாலையிலிருந்தே எண்ணெயை நிறுத்துங்கள்.

மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பில் 9. எண்ணெயில் தெம்பு அதிகம் என்ற அந்தக் கணக்கு சரிதான். ஆனால் மாடு தின்பது முதலில் பெருவயிற்றில் (தீனி நொதிக்கும் முதல் வயிறு) இருக்கும் நுண்ணுயிர்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. எண்ணெயை எரித்து வாழ அவற்றால் முடியாது. போதாக்குறைக்கு, நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்களை எண்ணெய் முடக்கிப்போடும். நார் செரிக்காவிட்டால், அதிலிருந்து கிடைக்கும் அசிட்டேட் என்ற அமிலம் குறையும். பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி தானே தயாரிக்கிறது, அதற்கு முக்கிய மூலப்பொருள் அசிட்டேட். இது தவிர, எண்ணெய் பெருவயிற்றில் உருமாறும்போது உண்டாகும் சில டிரான்ஸ் கொழுப்பு அமிலங்கள் மடியில் அந்தத் தயாரிப்பையே தடுக்கின்றன.

இளைத்துப்போனது வேறு விஷயம். பால் உச்சத்துக்கு வருவது 4 முதல் 8 வாரத்தில். தீனி உச்சத்துக்கு வர 10 வாரத்துக்கு மேலாகும். இந்த இடைவெளியில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறக்கிறது. இப்போது அதற்குப் பெரிய தட்டுப்பாடு குளுக்கோஸ். 20 லிட்டர் பாலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இருக்கிறது. அதற்கான குளுக்கோஸைக் கல்லீரல் பெரும்பாலும் தானியம் பெருவயிற்றில் நொதிக்கும்போது வரும் புரோப்பியோனேட் என்ற அமிலத்தைக் கொண்டு செய்கிறது. கொழுப்பு அமிலத்திலிருந்து செய்ய முடியாது. கரைந்து வரும் கொழுப்பு அளவுக்கு மீறிக் கல்லீரலுக்குப் போனால், கீட்டோன் என்ற பொருள்கள் இரத்தத்தில் அதிகமாகும் கீட்டோசிஸ் நோய்தான். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கீட்டோன் பரிசோதனை செய்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

நல்ல பசுந்தீவனத்தை வயிறாரக் கொடுங்கள். தானியத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பல வேளைகளாகப் பிரித்து வையுங்கள். தீனி நன்றாக எடுக்கத் தொடங்கிய பிறகு பைபாஸ் கொழுப்பு தரலாம். இது கால்சியத்தோடு பிணைந்த கொழுப்பு. பெருவயிற்றில் பெரும்பாலும் கலையாது, நான்காம் வயிற்றின் அமிலத்தில் பிரியும். நாளொன்றுக்கு 50 கிராமில் ஆரம்பித்து 150, 200 வரை போகலாம். சோப்பு வாடை அடிக்கும், சில மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீவனத்தில் நன்றாகக் கலந்து கொடுங்கள். தீனியின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி: நிறைமாதச் சினைப்பசுவைக் கொழுப்பு கொடுத்துத் தேற்றி வைத்தால், ஈன்ற பிறகு இளைக்காதல்லவா?

பதில்: நேர்மாறாகத்தான் நடக்கும். கொழுத்த மாடு ஈன்றபின் தீனி குறைவாக எடுக்கும், உடம்புக் கொழுப்பை இன்னும் வேகமாகக் கரைக்கும். மாடு இளைத்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா என்று 5-க்கு மதிப்பிடும் உடற்கட்டு அளவில் ஈனும்போது 3 முதல் 3.5 வரை இருந்தால் போதும். தேற்றுவதானால் பால் வற்றுவதற்கு முன்பே தேற்றிவிடுங்கள்.