வெள்ளிக்கிழமை முழு மார்க், திங்கட்கிழமை மறதி

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. வாரம் 20 ஆங்கிலச் சொற்கள், வெள்ளிக்கிழமை டெஸ்ட். வியாழன் இரவு உட்கார்ந்து படித்து முழு மார்க் வாங்குகிறாள். அடுத்த வாரமே மறந்துவிடுகிறது. 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதும் பழக்கமும் போகவில்லை.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: ஒரே இரவில் ஏற்றியது சீக்கிரம் கரையும். 1885-லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் மறதியை அளந்து காட்டிவிட்டார். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு 5 சொற்கள் போதும். புதியதைத் தொடங்குமுன், முந்தைய நாள் சொற்களை நோட்டை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். நோட்டைத் திறந்துவைத்துப் பத்து முறை வாசித்தால் தெரிந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். தப்பானவற்றைக் கடைசிப் பக்கத்தில் சேர்த்து, ஒரு வாரம் கழித்தும் மூன்று வாரம் கழித்தும் கேளுங்கள். பொருளோடு நிறுத்தாமல் சொந்த வாக்கியமும் வேண்டும்: 'ஸ்டீப்' (செங்குத்தான) என்ற சொல்லுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் உங்கள் மலைச்சாலையே இருக்கிறதே!

'டிட்' பிழைக்குத் தமிழே மருந்து. 'போனேன்' என்பதன் மறுப்பு 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துவிடுவதால் 'வென்ட்' மீண்டும் 'கோ' ஆகிறது. கேள்வியிலும் இதே விதி: 'டிட் யூ கோ?' நேற்று செய்தவை ஐந்து, செய்யாதவை ஐந்து என்று தினமும் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். இந்தப் பயிற்சி நடக்கும் வாரம் வேறு பிழைகளில் சிவப்பு மை வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தினால் பிள்ளை எழுதவே பயப்படும்.