வலி தீரும் என்று சொல்லாத கடை: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் கணவரும் டொரன்டோவில் மகன் வீட்டில் சில மாதங்கள் இருந்தோம். கணவருக்குத் தீராத முதுகுவலி. அங்கே கஞ்சாவைக் கடை வைத்தே விற்பதால் மகன் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். அறுபதைத் தாண்டிய மனிதரிடம் வாசலிலேயே வயதுச் சான்று கேட்டார்கள். ‘இது வலியைத் தீர்க்குமா?’ என்றால், ‘நான் சொல்லக் கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்’ என்றாள் கடைப் பெண். பொட்டலத்தைப் பிரித்தும் காட்டவில்லை. வாங்கிய ஜெல்லி மிட்டாயில் ஒன்றை அவர் முழுதாகச் சாப்பிட்டார், தலைசுற்றலில் அன்றிரவு தூக்கமே இல்லை. மீதியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இது சேவைக் குறைபாடு இல்லையா? அடுத்த மாதம் ஊருக்கு வரும் மகன், மிச்சத்தைக் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறான்.
- வாசகி, கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம், அம்மா. இன்றே மகனுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. ஆனால் அதே சட்டம், நாட்டு எல்லையைத் தாண்டி அதைக் கொண்டுபோவதைக் குற்றம் என்கிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது. அங்கே வாங்கிய ரசீதைக் காட்டினாலும் விமான நிலையத்தில் யாரும் விடமாட்டார்கள். தபாலில் அனுப்பினாலும் இதே கதைதான். ஒரு மிட்டாய்ப் பொட்டலத்துக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள்.

இனி கடை விஷயம். நீங்கள் குறை என்று எழுதியவற்றில் பெரும்பாலானவை அந்தக் கடையின் நேர்மைக்குச் சாட்சி. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது நிரம்பாதவருக்குக் கஞ்சா விற்கக் கூடாது. அதனால் ஆளைப் பார்த்து எடைபோடாமல் எல்லாரிடமும் சான்று கேட்கும் கடைகள் உண்டு. உங்கள் கணவரை அவமதிக்கும் நோக்கம் அதில் இல்லை. பொட்டலம் முத்திரையோடு, குழந்தைகளால் திறக்க முடியாதபடிதான் கைமாற வேண்டும் என்பதும் சட்டம்.

‘வலி தீருமா’ என்ற கேள்விக்கு அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாளே, அவளை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்தக் கடைகள் மருந்துக் கடைகள் அல்ல. மருத்துவத்துக்கான கஞ்சா வேண்டுமென்றால் அங்கேயும் மருத்துவரின் சான்றோடு, உரிமம் பெற்ற நிறுவனத்திடம் தனியாகப் பதிவுசெய்துதான் பெற வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற ஒருவர் கஞ்சாச் சத்தையும் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். ‘கண்டிப்பாகக் கேட்கும், வாங்கிப் போங்கள்’ என்று சொல்லி விற்றிருந்தால் உங்களுக்கு அன்று இனித்திருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். உண்ணும் கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கனடாவின் விதி. புதிதாக எடுப்பவர் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. சாப்பிட்டதும் ஒன்றும் தெரியாது. வேலை காட்ட அரை மணியும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஆகவே ‘முதல் தடவையா? கால் துண்டு போதும், காத்திருந்து பாருங்கள்’ என்று கல்லாவில் நிற்பவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் அது குறைதான். அந்தக் கடைக்கும் ஒன்டாரியோவின் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கும் மகன் எழுதட்டும். ஊட்டியில் இருக்கும் நம் நுகர்வோர் ஆணையத்தில் இதற்கு வழக்குப் போட முடியாது. பிரித்த மிட்டாயைத் திரும்ப வாங்காததில் தவறில்லை. உணவுப் பொருளை எந்த நல்ல கடைக்காரரும் வாங்கமாட்டார்.

கேள்வி: இணையத்தில் ‘ஹெம்ப் எண்ணெய்’ விளம்பரம் பார்த்து 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். மூட்டுவலி, தூக்கமின்மை, சர்க்கரை எல்லாம் போய்விடும் என்றார்கள். பாட்டில் ஒழுகிய நிலையில் வந்தது, வலியும் அப்படியே. இப்போது போனை எடுப்பதில்லை. கஞ்சா சம்பந்தப்பட்டது என்பதால் புகார் கொடுத்தால் எனக்கே வம்பாகுமா?
- வாசகர், பெருமாள்மலை

பதில்: இந்தப் பயத்தை நம்பித்தான் ஐயா, அவர்கள் பிழைக்கிறார்கள். முதலில் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். ‘விதை எண்ணெய்’ என்று இருந்தால் அது உணவு. கஞ்சாச் செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வழிவகுத்தது. ஒரு கிலோ எண்ணெயில் டி.எச்.சி. 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இது நல்லெண்ணெய்போல ஓர் எண்ணெய், வலிக்கு மருந்தல்ல. ‘விஜயா’ என்று போட்டிருந்தால் அது கஞ்சா இலைச்சத்து சேர்ந்த ஆயுர்வேத மருந்து. அதில் தயாரிப்பு உரிம எண்ணும், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தாக வேண்டும். ‘விதை எண்ணெய்’, ‘விஜயா’ இரண்டுமே போடாத பாட்டிலைத் தொடாதீர்கள், உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டுங்கள்.

சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தை அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். ஒழுகிய பாட்டில், பெட்டி, பணம் கட்டிய குறுஞ்செய்தி எல்லாமே சான்றுகள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அசையவில்லையா? 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் திண்டுக்கல் மாவட்ட ஆணையம். விற்றவர் நம் நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். இணையத்திலேயே பதிவுசெய்யலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மலை இறங்க வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: சாலையோரக் கடையில் வாங்கிய யூகலிப்டஸ் தைலம் கலப்படமோ என்று சந்தேகம். பில் கேட்டதற்குச் சிரித்தார்கள்.
- வாசகி, குன்னூர்

பதில்: கேட்டும் பில் தராதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் முறையற்ற வணிகம். தயாரித்தவர் முகவரி, அளவு, மாதம், விலை அச்சிடாத பாட்டிலை இனி வாங்காதீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவையுங்கள். நல்ல தைலம் ஆவியாகிப் போய்விடும்; பிசுபிசுப்பாகக் கறை தங்கினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் கலந்திருந்தால், அதுவும் ஆவியாகிவிடுவதால் இந்தச் சோதனையில் தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.